எண்ணிக்கையும் எண்ணமும்: போர்களை ஆராய்ந்த இரு சாரார்

1914-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள். ருஷ்யப் படை முழுவதையும் திரட்டும் ஆணைக்குச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலாஸ் இசைவு தந்துவிட்டார். ஆணையைத் தந்தி வழியே நாடெங்கும் அனுப்ப ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. அவ்விரவில் ஜெர்மனியின் கைசர் வில்ஹெல்மிடமிருந்து ஒரு தந்தி வந்து சேர்ந்தது. இரு மன்னரும் உறவினர். ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வர். 'நிக்கி', 'வில்லி' என்றே கையொப்பமிடும் நெருக்கமுடையோர். தந்தியைப் படித்த சக்கரவர்த்தி மனம் மாறினார். முழுப் படைதிரட்டலை நிறுத்தி, ஆஸ்திரியாவை நோக்கிய பகுதிப் படைதிரட்டலே போதும் என்றார். மறுநாள் பிற்பகலில் அமைச்சரும் தளபதியரும் வற்புறுத்தவே, மீண்டும் முழு ஆணைக்கே இணங்கினார். ஆகஸ்டு 1-ஆம் நாள் ஜெர்மனி ருஷ்யாவின் மீதும், 3-ஆம் நாள் பிரான்சின் மீதும் போர் அறிவித்தது. 4-ஆம் நாள் பிரிட்டனும் போரில் இறங்கியது.

இந்த ஒரு வாரத்து நிகழ்ச்சிகளை எத்தனையோ பேர் எழுதிவிட்டனர். ஆயினும் அதனுள் ஒரு சிறு வினா இன்னும் கிடந்து உறுத்துகிறது. படைதிரட்டல் என்றால் பொருள் என்ன? ருஷ்ய அரசினர்க்குப் படையைத் திரட்டுவது வேறு, போர் தொடுப்பது வேறு. எல்லையில் படை வாரக்கணக்கில் நிற்கலாம். நிற்கும்போதே தூதரும் பேசிக்கொண்டிருக்கலாம். ஜெர்மானியத் தளபதியர்க்கோ அவ்வாறன்று. ருஷ்யா தன் பெரும்படையை மெல்ல மெல்லச் சேர்ப்பதற்குள் பிரான்சை ஆறு வாரங்களில் வீழ்த்திவிட வேண்டும் என்பதே அவர்கள் பல்லாண்டாகத் தீட்டி வைத்திருந்த திட்டம். ருஷ்யா திரட்டும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு இழந்த நாள். ஆதலின் ருஷ்யாவின் படைதிரட்டலை அவர்கள் போராகவே கொண்டனர். செயல் ஒன்று, அதற்குத் தலைநகர்தோறும் பொருள் வேறு.

திரண்ட வீரர் எத்தனை பேர், இரயில் வண்டிகள் எத்தனை, எந்நாளில் எவ்விடத்தில் நின்றனர் என்பனவெல்லாம் எண்ணத்தக்கவை. அச்செயலுக்கு இன்னார் இன்ன பொருள் கொண்டனர் என்பதை எண்ணிக் கணக்கிட இயலாது; ஓதி உணர வேண்டும். இவ்விரண்டில் எது போரை விளக்குவது? நாடுகளுக்கிடையிலான உறவுகளை ஆராயும் கல்வித்துறை நூறாண்டுக்கு மேலாக இவ்வினாவை வைத்துக்கொண்டு வாதிட்டு வருகிறது. ஒரு சாரார் இயற்கை நூலாரைப் போல் புலனுக்கு எட்டும் செய்திகளைத் தொகுத்து, எண்ணி, ஒப்பிட்டுப் பொதுவிதி காண வேண்டும் என்பர். பிரெஞ்சு அறிஞர் ஆகஸ்ட் கோம்ட் 1830 முதல் எழுதிய நூல்வரிசையால் இக்கொள்கைக்குப் 'பாசிடிவிசம்' என்னும் பெயர் நிலைத்தது. தமிழில் நேர்க்காட்சிவாதம் எனலாம். மறு சாராரோ, கல்லும் காற்றும் தம்மைப் பற்றிக் கருத்து எதுவும் கொள்வதில்லை, மனிதனோ தன் செயலுக்குத் தானே ஒரு பொருள் வைத்துக்கொண்டுதான் செய்கிறான், ஆதலின் அப்பொருளை அறியாதவன் செயலையும் அறியான் என்பர். ஜெர்மானியரான தில்தேயும் அவருக்குப் பின் மாக்ஸ் வேபரும் இவ்வழியை வகுத்தனர். செய்யுளுக்குப் பொருள்கோள் கூறும் மரபு நம்மிடம் உண்டு. அச்சொல்லையே இவ்வழிக்கும் பெயராகக் கொள்ளலாம்.

அரபு நூல்களில் பயின்றவர்க்கு இவ்வழக்கு முற்றிலும் புதிதன்று. இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய முகத்திமாவின் தொடக்கத்தில், மூஸா நபியவர்களின் படையில் ஆறு லட்சம் பேர் இருந்தனர் என்று மஸ்ஊதி முதலானோர் எழுதியதை எடுத்துக்கொண்டு மறுக்கிறார். அத்தனை பேரை ஓர் அணியாக நிறுத்தினால் ஒரு முனையில் நடப்பது மறு முனைக்குத் தெரியாதே, அவர்கள் எங்ஙனம் போரிட்டிருப்பர் என்று கேட்கிறார். சொன்னவர் நம்பகமானவரா என்று பார்த்தால் மட்டும் போதாது, சொன்னது நடக்கக்கூடியதா என்றும் பார் என்பது அவர் முறை. எண்ணைக் கொண்டு கதையைச் சோதித்த முன்னோடி அவர். ஆயினும் அரசுகள் எழுவதற்கும் வீழ்வதற்கும் அவர் கண்ட காரணம் 'அஸபிய்யா' என்னும் இனப்பற்று. அதனை எந்தத் தராசில் நிறுப்பது? வரலாற்றுக்கு வெளித்தோற்றமும் உள்பொருளும் உண்டு என்று அவரே பிரித்துக் கூறுகிறார். மாணவர்க்கு இப்பகுதியைக் கற்பிக்கும்போதெல்லாம், கணக்கும் கருத்தும் ஒரே ஆசிரியரிடம் சண்டையின்றிக் குடியிருப்பதைக் கண்டு வியந்திருக்கிறேன். ஐரோப்பியர் அவ்விரண்டையும் இரு கட்சிகளாக்கினர்.

அக்கட்சிகளின் வரலாற்றில் முதலில் நிற்பவர் ஒரு வானிலை நூலார். லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் 1881-இல் இங்கிலாந்தில் குவேக்கர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். குவேக்கர்கள் படைக்கலம் தொடாத கொள்கையுடைய கிறிஸ்தவப் பிரிவினர். முதல் உலகப்போரில் அவர் துப்பாக்கி ஏந்த மறுத்து, பிரெஞ்சுப் படையுடன் காயம்பட்டோரை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டினார். ஓய்வு கிடைத்த நேரங்களில், காற்றின் இயக்கத்தைச் சமன்பாடுகளாக்கி நாளைய வானிலையைக் கணக்கிட்டுச் சொல்ல முடியுமா என்று கையாலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 1917-இல் நடந்த சண்டையின்போது அவருடைய கைப்பிரதி தொலைந்து, சில மாதங்களுக்குப் பின் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியில் கிடைத்தது. 1922-இல் அந்நூல் வெளிவந்தது. அதில் அவர் செய்து காட்டிய கணிப்பு பெருந்தவறாக முடிந்திருந்தது. அதனை மறையாமல் அப்படியே அச்சிட்டார். இன்று உலகின் வானிலை நிலையங்கள் யாவும் அவர் வழியிலேயே கணக்கிடுகின்றன.

காயம்பட்டோரைச் சுமந்த அக்கை, போரையும் அவ்வாறே கணக்கிட முயன்றது. 1909 முதல் 1913 வரை பிரான்சும் ருஷ்யாவும் ஒருபுறம், ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மறுபுறம் படைக்கலங்களுக்குச் செலவிட்ட தொகைகளை எடுத்தார். ஒரு தரப்பு கூட்டினால் மறு தரப்பு அஞ்சிக் கூட்டும்; அதைக் கண்டு முதல் தரப்பு மேலும் கூட்டும். இதனைச் சமன்பாடாக்கி வரைபடத்தில் குறித்தபோது புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றன. மொத்தம் நான்கே புள்ளிகள்! ஆயினும் அந்நேர்கோடு பலரை மயக்கியது, இன்றும் மயக்குகிறது.

1940-இல் தம் கல்லூரி முதல்வர் பதவியை உரிய காலத்துக்கு முன்னரே துறந்து, எஞ்சிய வாழ்நாளை அவர் இவ்வாராய்ச்சிக்கே அளித்தார். 1820-க்குப் பின் மனிதர் மனிதரைக் கொன்ற சண்டைகளையெல்லாம் பட்டியலிட்டார். நிலநடுக்கத்தை அளப்பது போல் அவற்றை இறந்தோர் தொகையைக் கொண்டு படிநிலைகளாக அளந்தார். தனியொருவன் செய்யும் கொலை பூச்சியம், உலகப்போர் ஏழு. பொதுமொழி இருந்தால் போர் குறையும் என்பாரே, குறைந்ததா? அவர் கணக்கில் அதற்குச் சான்று கிட்டவில்லை. எல்லைகள் மிகுந்த நாடுகளுக்குப் போர்களும் மிகுந்திருந்தன. போர்கள் தொடங்கிய ஆண்டுகளைப் பார்த்தால், தற்செயல் நிகழ்ச்சிகள் எங்ஙனம் பரவிக் கிடக்குமோ அங்ஙனமே பரவிக் கிடந்தன. இந்நூல்களை அச்சிட அவர் காலத்தில் பதிப்பகத்தார் முன்வரவில்லை. 1953-இல் அவர் மறைந்தார். நூல்கள் 1960-இல் வெளிவந்தன.

நூறு முறை படித்தாலும் தகும் ஒரு கருத்தை அவர் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். தம் சமன்பாடுகள், மக்கள் நின்று எண்ணிப் பாராவிட்டால் என்ன செய்வார்கள் என்பதை மட்டுமே காட்டுவன என்பது அதன் கருத்து. தமிழில் 'எண்ணுதல்' என்னும் வினைக்குக் கணக்கிடுதல் என்றும் பொருள், சிந்தித்தல் என்றும் பொருள். ஆங்கிலம் பேசிய ரிச்சர்ட்சனுக்கு இவ்வசதி இல்லை. ஆயினும், எண்ணப்படுவோர் எண்ணத் தொடங்கிவிட்டால் எண்ணியவனின் கணக்கு நிற்காது என்பதைத் தம் துறையினர் பலரினும் முன்னரே அவர் அறிந்திருந்தார்.

அவருக்குப் பின் வந்தோரில் பெரும்பணி செய்தவர் அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் சிங்கர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1963-இல் 'கொரிலேட்ஸ் ஆப் வார்' என்னும் ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கினார். மெல்வின் ஸ்மால் என்பாருடன் சேர்ந்து 1972-இல் அவர் வெளியிட்ட நூல் 1816 முதல் 1965 வரையிலான போர்களைக் கணக்கிட்டது. போர்க்களத்தில் 1,000 பேராவது இறந்தால்தான் அது போர். இல்லையேல் பட்டியலில் இடமில்லை. எல்லைக்கோடு வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வாசகர் சற்றே நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: போரிட்டவர் யார் என்று முடிவு செய்தவர் யார்?

அப்பட்டியலில் 'அரசு' என்று பெயர்பெற வேண்டுமானால், 1920-க்கு முந்திய காலத்தில், ஐந்து லட்சம் மக்கள் இருக்க வேண்டும்; அத்துடன் பிரிட்டனும் பிரான்சும் தூதரை அனுப்பி ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். அதாவது, அரசு எது என்பதை அளக்கும் கோல், உலகில் பாதியை விழுங்கிக்கொண்டிருந்த இரு பேரரசுகளின் கையிலே இருந்தது. அவர்களால் விழுங்கப்பட்டவர் அரசாக மாட்டார். எனவே அவர்கள் போரிட்டது நாடுகளுக்கிடையிலான போரும் ஆகாது. அல்ஜீரியாவில் அமீர் அப்துல் காதிர் பிரெஞ்சுக்காரரை எதிர்த்து நின்றதும், 1857-இல் இந்தியர் கிளர்ந்தெழுந்ததும், 1873 முதல் ஆச்சே மக்கள் டச்சுக்காரரோடு மோதியதும் 'அமைப்புக்கு அப்பாற்பட்ட போர்கள்' என்னும் இரண்டாம் வகுப்பில் வைக்கப்பட்டன. அவ்வகுப்பில் 1,000 என்னும் எல்லையை எட்டியதா என்று பார்க்க, அரசெனப் பெயர்பெற்ற தரப்பின் வீரர் இறப்பே கணக்கில் கொள்ளப்பட்டது. ஆச்சேயில் மாண்ட ஆச்சேக்காரர் எத்தனை ஆயிரமாயினும் அவ்வெல்லையைத் தொட அவர்கள் உதவார். டச்சுக்காரர் மாள வேண்டும்!

சிங்கரின் குழுவினர் இதனை மறைத்துச் செய்யவில்லை. தம் விதிகளையெல்லாம் வெளிப்படையாக எழுதி வைத்தனர். அதனால்தான் நாமும் இன்று கேள்வி கேட்க முடிகிறது. பின்வந்த பதிப்புகளில் அரசல்லாதார் தமக்குள் நடத்திய போர்களுக்கும் தனி வகுப்பு ஏற்படுத்தினர். உள்ளத்தில் ஓர் உணர்வு வைத்துக்கொண்டு விதி எதையும் கூறாமல் எழுதிச் செல்லும் வரலாற்றாசிரியரைவிட இவர்கள் நேர்மையாளர் என்றே நான் மதிப்பேன். ஆனால் எண்ணுவதற்கு முன்னரே ஒரு பொருள்கோள் நடந்து முடிந்துவிட்டது என்பதை மட்டும் மறுக்க இயலாது. யாரை எண்ணுவது என்பதை எண் சொல்லாது.

இரு வழிகளும் ஒரே மேசையில் சந்தித்த இடம் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம். ராபர்ட் நார்த்தும் அவர் குழுவினரும் 1914-ஆம் ஆண்டு ஜூலை மாதத்து இராசதந்திரக் கடிதங்கள், தந்திகள், குறிப்புகள் யாவற்றையும் திரட்டி, அவற்றில் பகைமை, அச்சம், நெருக்கடி ஆகியன எத்தனை முறை எவ்வளவு அழுத்தத்துடன் கூறப்பட்டன என்று வாக்கியம் வாக்கியமாகக் கணக்கெடுத்தனர். ஓலி ஹோல்ஸ்டி 1965-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு முடிவு உள்ளத்தைத் தொடும். நெருக்கடி முற்ற முற்ற ஒவ்வொரு நாட்டுத் தலைவரும், 'எமக்கு வேறு வழியில்லை, எதிரிக்கோ வழிகள் பல உள்ளன' என்று கருதினர். எல்லாத் தலைநகரிலும் இதே எண்ணம். கருத்தை எண்ணிக் கண்ட உண்மை இது. மனிதர் கொண்ட பொருளை விட்டுவிட்டு வெறும் துருப்புகளை மட்டும் எண்ணியிருந்தால் இது அகப்பட்டிராது. எண்ணாமல் இரண்டு கடிதங்களை மட்டும் படித்து வியந்திருந்தால், எல்லோரும் இங்ஙனமே கருதினர் என்று உறுதியாகச் சொல்ல முடிந்திராது.

அதற்கு அடுத்த ஆண்டே பூசல் வெடித்தது. 1966-இல் ஆஸ்திரேலியரான ஹெட்லி புல், எண்ணுவோர் அளக்கத்தக்க அற்பங்களை அளந்துகொண்டு அளக்கவியலாத பெரும் வினாக்களைக் கைவிடுகின்றனர் என்று வன்மையாகச் சாடினார். மார்ட்டன் காப்லன் அதே வன்மையுடன் மறுத்தார். அவ்வாதத்தை இங்கே விரித்தெழுதுவதால் பயன் சிறிது. சூடு மிகுதி, நாள் செல்லச் செல்ல ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்கவில்லை என்பதே தெளிவாகிறது.

வாதத்தைவிட நிகழ்ச்சியே நன்கு கற்பிக்கும். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதை அமெரிக்கா கண்டது. குடியரசுத் தலைவர் கென்னடி கடற்படையைக் கொண்டு தீவைச் சூழ்ந்தார். ஆனால் அதற்கு 'முற்றுகை' என்று பெயரிட மறுத்தார். பன்னாட்டுச் சட்டத்தில் முற்றுகை போர்ச்செயல். 'குவாரண்டைன்' என்றார். நோய் கண்ட கப்பலைத் துறைமுகத்தில் தடுத்து நிறுத்தும் ஏற்பாட்டுக்கு உரிய சொல் அது! கப்பல்கள் அவையே, பீரங்கிகள் அவையே. சொல் மட்டும் வேறு. அச்சொல் மாஸ்கோவுக்குப் பின்வாங்க ஓர் இடம் விட்டது. மேலும் அவ்வாண்டில்தான் பார்பரா டக்மன் 1914-ஐப் பற்றி எழுதிய நூல் வெளிவந்திருந்தது. கென்னடி அதனைப் படித்திருந்தார் என்பதையும், அத்தகைய தவறான புரிதலால் போரில் விழுந்துவிடலாகாது என்று அவர் கருதியதையும் அவர் தம்பி ராபர்ட் எழுதிய குறிப்புகள் கூறுகின்றன. 1914-இன் மன்னர்கள் 1914-ஐப் படித்தவர்கள் அல்லர். 1962-இன் தலைவர் படித்திருந்தார். வானிலைக் கணிப்பைக் கேட்டுப் புயல் தன் திசையை மாற்றிக்கொள்வதில்லை. மனிதனோ தன்னைப் பற்றிய விதியைப் படித்தபின் அவ்விதியை மீற முயல்கிறான். ரிச்சர்ட்சன் சொன்ன 'நின்று எண்ணிப் பார்த்தல்' இதுவே.

எண்ணிக்கை மட்டும் ஆட்சி செய்தால் நேர்வதையும் அதே பதிற்றாண்டு காட்டியது. வியட்நாம் போரில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்நமாரா, கொல்லப்பட்ட எதிரிகளின் தொகையை வெற்றியின் அளவுகோலாக்கினார். 1967-இல் சிற்றூர்களுக்கு 'ஏ' முதல் 'இ' வரை மாதந்தோறும் தரமிடும் கணக்குமுறையும் வந்தது. ஊர் எந்த அளவுக்கு அரசின் பக்கம் உள்ளது என்பதற்கு மதிப்பெண்! மதிப்பெண்கள் உயர்ந்துகொண்டிருந்தன. 1968 ஜனவரியில், தேத் புத்தாண்டு விடுமுறையில், நாடெங்கும் நகரங்கள் தாக்கப்பட்டன. அம்மக்கள் அப்போருக்கு என்ன பெயர் வைத்திருந்தனர், அந்நியரை விரட்டும் போர் என்றா, பொதுவுடைமைப் போர் என்றா என்பது படிவத்தில் கேட்கப்படவில்லை. 1995-இல் வெளியிட்ட நினைவு நூலில் தாம் தவறிழைத்ததை மக்நமாராவே ஒப்புக்கொண்டார். அதற்குள் இறந்தோர் இறந்துவிட்டனர்.

பனிப்போர் 1989-இல் தொடங்கி 1991-க்குள் முடிந்த விதம் எண்ணுவோரைத் திகைக்க வைத்தது. ஏவுகணைகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன, பகை போய்விட்டது. அதன்பின் பொருள்கோள் வழியினர் குரல் ஓங்கியது. அலெக்சாண்டர் வென்ட் எளிதாகக் கேட்டார்: பிரிட்டனிடம் உள்ள ஐந்நூறு அணுகுண்டுகளைவிட வடகொரியாவிடம் உள்ள ஐந்து அமெரிக்காவை மிகுதியாக அச்சுறுத்துவது ஏன்? அச்சம் குண்டின் தொகையில் இல்லை. பார்ப்பவன் நண்பன் என்றோ பகைவன் என்றோ கொள்ளும் பொருளில் இருக்கிறது.

எண்ணுவோரின் பெருமைமிகு கண்டுபிடிப்பு, மக்களாட்சி நாடுகள் தமக்குள் போரிடுவதில்லை என்பது. அதனையும் ஒருவர் கிளறினார். ஈடோ ஓரன் 1995-இல் எழுதிய கட்டுரையில், பின்னர் குடியரசுத் தலைவராகி 1917-இல் ஜெர்மனியின் மீது போர் தொடுத்த உட்ரோ வில்சன், பேராசிரியராக இருந்த காலத்தில் அதே ஜெர்மனியின் ஆட்சிமுறையை மதித்துப் பாராட்டியவர் என்று காட்டினார். பகை மூண்டபின் ஜெர்மனி கொடுங்கோல் நாடாகியது. மக்களாட்சி என்பதன் இலக்கணமும் அதற்கேற்ப மாறிற்று. நம்மோடு போரிடுவோன் நம்மைப் போன்றவன் அல்லன் என்று பின்னர் முடிவுகட்டிவிட்டு, நம்மைப் போன்றோர் நம்மோடு போரிடார் என்று விதி கண்டால் அவ்விதி ஒருபோதும் பொய்க்காதல்லவா! ஓரன் முற்றிலும் சரியென்று நான் துணியவில்லை; அந்த எண்ணிக்கையில் உண்மையும் உண்டு. ஆனால் அட்டவணையின் தலைப்பில் உள்ள சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை இனி மறக்க வழியில்லை.

பொருள்கோள் வழியினரிடமும் குறை உண்டு. எல்லாம் பொருளே என்று கூறி, எந்தப் பொருள் சரி, எது பிழை என்று சோதிக்க மறுப்போர் அவர்களுள் சிலர். நம் மரபில் ரிவாயத், திராயத் என்று இரண்டையும் வைத்தனர். கேட்டதைச் சரிபார்ப்பது ஒன்று, கேட்டதன் கருத்தை ஆய்வது மற்றொன்று. ஒன்றை மட்டும் கற்றவரை எந்த மத்ரஸாவிலும் ஆலிம் என்று அனுப்புவதில்லை. சிங்கரின் அட்டவணையைத் தூக்கியெறிந்துவிட்டு ஆச்சே மக்களின் கதையை மட்டும் சொல்வோமானால், அவர்கள் எத்தனை பேர் மாண்டனர் என்று கேட்கும் உரிமையையும் சேர்த்தே இழப்போம். அட்டவணையில் அவர்களையும் எண்ணு என்று கேட்பதே முறை. எண்ணியபின், அவர்கள் எதற்காக மாண்டதாகக் கருதினர் என்றும் கேட்பது முறை.

ரிச்சர்ட்சனைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. 1920-இல் வானிலை அலுவலகம் விமானப்படை அமைச்சகத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டபோது அவர் வேலையை விட்டு விலகினார். அதன் பின்னும் மேல்காற்றில் பொருள்கள் எங்ஙனம் கலந்து பரவுகின்றன என்று சில ஆண்டுகள் தாமாகவே ஆராய்ந்து வந்தார். அவ்வாராய்ச்சியில் எல்லோரினும் மிகுந்த ஆர்வம் காட்டியவர்கள் நச்சுப்புகை வல்லுநர்கள் என்பது ஒருநாள் அவருக்குத் தெரியவந்தது. அவர் அத்துறையைக் கைவிட்டு, அச்சேறாதிருந்த குறிப்புகளை அழித்துவிட்டார் என்று அவர் மனைவி டோரதி நினைவுகூர்ந்திருக்கிறார்.